ஆதாரம்: யூனிஸ் அத்தை

பள்ளியின் பின்கட்டு அறையைக் காலி செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே இருந்த முப்பத்திரண்டு பெட்டிகளும் நான் சேர்த்தவை. வரலாற்றுக்குச் சிவப்பு, புவியியலுக்குப் பச்சை, குடிமையியலுக்கு நீலம். தங்கம் தேடி வந்தவர்களின் படங்கள், ஆட்டு மந்தை ஓட்டிப்போன பாதைகள், பிள்ளைகள் ஓட்டுப் போட்டுப் பழக ஓர் அட்டைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தேன். நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் யாரும் அதில் கை வைக்கவில்லை. மரியாதையா, என் வாய்க்குப் பயமா என்று நான் விசாரிக்கவில்லை.

"எது வேணும், எது குப்பைன்னு நீங்களே வந்து சொல்லிடுங்க கிளெனிஸ். இல்லேன்னா என்னைக் காலத்துக்கும் சும்மா விட மாட்டீங்க" என்று பிரின்சிபால் போனில் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் லாரி அளவுக்கு ஓர் இரும்புக் குப்பைத் தொட்டி நின்றது. முதல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோதே நரெல் வந்துவிட்டாள். 1988இல் என் நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். இப்போது அதே பள்ளியில், பழங்குடிக் குடும்பங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவில் நின்று பேசும் வேலை பார்க்கிறாள். நாற்பத்தைந்து வயதாகியும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மிஸ், உங்க சொத்தையெல்லாம் வாரிக் கொட்டறாங்களாமே? அழுதுடாதீங்க, பிளாஸ்டிக் உறையில தண்ணி நிக்கும்."

"உன் வாய் மட்டும் நாலாவதுலயே நின்னுபோச்சு நரெல். வந்து ஒரு கை பிடி."

அவள் பிடிக்கவில்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"உங்களத்தான் மிஸ் தேடிட்டிருந்தேன். ஆத்து வளைவுல படகு இறக்கறதுக்குச் சரிவும், கார் நிறுத்தற இடமும் கட்டப்போறாங்க தெரியுமில்ல?"

தெரியும். லாக்லன் ஆறு ஊரைத் தாண்டித் திரும்பும் இடம். அறுபதுகள் வரை அங்கே தகரக் குடிசைகள் இருந்தன. ஊருக்குள் வீடு கிடைக்காத பழங்குடிக் குடும்பங்கள் அங்கேதான் குடியிருந்தன. பிறகு நகரசபை புல்டோசர் விட்டுத் தள்ளிவிட்டது.

"எங்கப்பாவோட தங்கச்சி அங்கதான் இருக்கு மிஸ். மூணு மாசக் கொழந்தை. அப்பாவுக்கு அப்போ நாலு வயசு. ஒரு தைலமரத்தடியில பொதைச்சாங்கன்னு தெரியும், எந்த மரம்னு தெரியாது. வளைவுல எழுபது மரம் நிக்குது. மண்ணுக்கடியில பார்க்கற மிஷின் வெச்சும் பார்த்தாங்க. தொண்ணூறாம் வருஷத்து வெள்ளம் மண்ணப் பொரட்டிப் போட்டதுல ஒண்ணும் தெரியலயாம்."

"சபையில என்ன சொல்றாங்க?"

"நல்லாத்தான் பேசறாங்க. இடத்தைக் காட்டுங்க, சுத்தி வேலி போட்டு விட்டுடறோம்கறாங்க. காட்டறதுக்கு ஏதாவது இருக்கணுமாம். அப்பாவுக்கு எம்பத்தோரு வயசு, மூச்சு வாங்குது. அவ இருக்கற இடத்தைக் காட்டிட்டாப் போதும், நிம்மதியாப் போவேன்னு தெனமும் பொலம்பறாரு." அவள் நிமிர்ந்தாள். "யூனிஸ் அத்தைக்குத் தெரியும். அப்பாவோட பெரிய அக்கா. சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி என்னைக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு குடிசையா, ஒவ்வொரு மரமாக் காட்டுச்சு. நான் படம் போட்டேன் மிஸ். ஒங்க கிட்டதான் குடுத்தேன். என் பெட்டியில பத்திரமா வைக்கறேன்னு சொன்னீங்க."

சொன்னேன். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"தேடிப் பார்க்கலாம்" என்றேன்.

இரண்டு மணி நேரம் தேடினோம். இல்லாத ஒன்றை நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு கோழைத்தனம் எனக்குள் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவள் பெட்டியைத் திறப்பாள், தூசியில் தும்முவாள், "இதுல இல்ல மிஸ், அடுத்தது" என்பாள். அவள் இரண்டு கைகளாலும் ஒவ்வொரு தாளாகப் புரட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் இன்றைக்கும் ஒன்றை மறக்கமாட்டார்கள். ஒரு வரைபடம் என்றால் அதில் ஆறு விஷயம் இருக்க வேண்டும்: எல்லைக்கோடு, வடக்குக் குறி, குறிவிளக்கம், தலைப்பு, அளவு, ஆதாரம். பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒன்று குறைந்தாலும் தாள் திரும்பி வரும். திருத்தும்போது நான் படத்தைப் பார்ப்பதில்லை. நேரே ஓரங்களுக்குத்தான் போவேன், கீழே வலது மூலையிலிருந்து ஆரம்பித்து. அங்கேதான் ஆதாரம் எழுதச் சொல்லியிருந்தேன். முப்பது பிள்ளைகளின் தாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கி இருநூறு வருடம் ஆனதை நாடு கொண்டாடிய வருடம் அது. 'எங்கள் ஊர்' என்று ஒரு வரைபடம் போடச் சொல்லியிருந்தேன். நரெல் தாளின் வலது மூலையில் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தாள். ஆதாரம்: யூனிஸ் அத்தை.

நான் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு அடித்தேன். 'அத்தை ஆதாரம் ஆகமாட்டார். அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்து மறுபடி போடு' என்று எழுதினேன். அவள் உதடு பிதுங்கியது. முப்பது பேருக்கு நடுவில் ஒன்று அழுதால் அன்றைய பாடம் போச்சு. "இதை நான் என் பெட்டியில பத்திரமா வெச்சுக்கறேன், நீ சுத்தமா ஒண்ணு போட்டுக் குடு" என்றேன். அவள் உடனே சமாதானமாகிவிட்டாள். என் வார்த்தையை அப்படியே நம்பினாள்.

நான் சிக்கனக்காரி. கெட்டுப்போன தாள்களை நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் வெள்ளிக்கிழமை டிக்டேஷன் எழுத வைப்பேன். பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அந்த வெள்ளிக்கிழமை நாலு பிள்ளைகள் அந்த வளைவின் முதுகில் பத்துப் பத்து வார்த்தை எழுதி, மதிப்பெண் வாங்கி, குப்பைக்கூடையில் போட்டார்கள்.

"மிஸ், இங்க பாருங்க, என் பேரு" என்று நரெல் கத்தினாள்.

பச்சைப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். பிளாஸ்டிக் உறை, மேலே தங்க நட்சத்திரம், 'மாதிரி' என்று என் சீட்டு. அவள் சுத்தமாகப் போட்டுக் கொடுத்த இரண்டாவது படம். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் எல்லா வகுப்புக்கும் அதைத்தான் காட்டினேன். எல்லைக்கோடு நேராக இருந்தது, வடக்குக் குறி இருந்தது. ஆதாரம்: நகரசபை வரைபடம். ஆறு திரும்பும் இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் பச்சைக் கிரேயான்.

அவள் அந்தப் பச்சையின்மேல் விரலை ஓட்டினாள்.

"இது இல்ல மிஸ். இன்னொண்ணு."

"நரெல், அந்த இன்னொண்ணு இல்லை. நான் கிழிச்சுட்டேன். அன்னிக்கே. டிக்டேஷனுக்கு."

டிக்டேஷன் என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படி நாலாகக் கிழித்த தாள்களில் எழுதியவள்தானே அவளும்.

"அப்ப ரெண்டு மணி நேரமா என்ன தேடினோம்?"

"சொல்ல வாய் வரல" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, விடுங்க. நீங்க பார்த்தீங்கல்ல? திருத்தினீங்கல்ல? சபைக்காரன் உங்க கிட்டப் படிச்சவன். மிஸஸ் ட்ரெலோர் நீங்களே சொன்னா வாயத் தெறக்காம எழுதிப்பான். கண்ண மூடிக்கங்க மிஸ். மரம் எங்க இருந்துச்சு? தண்ணிப் பக்கமா, ரோட்டுப் பக்கமா? சின்னதா ஏதாச்சும் குறி போட்டிருந்தேனா?"

கண்ணை மூடினேன். என் சிவப்புக் கோடு தெரிந்தது. அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்பது கூடத் தெரிந்தது. 'அத்தை' என்ற சொல்லில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது தெரிந்தது. மேலே ஏறிப் பார்க்க முயன்றேன். ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் மூலையைத் தாண்டி மேலே போகவே இல்லை.

"நான் படத்தைப் பார்க்கவே இல்ல நரெல்."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

அவள் எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டினாள். "எனக்கும் ஒண்ணும் நெனவில்ல மிஸ். அத்தை முன்னாடி நடந்துச்சு, நான் அதோட செருப்பையே பார்த்துட்டு நடந்தேன். படத்துல போட்டாச்சேன்னு மறந்துட்டேன்."

நகரசபைக்கு நான் நாலு பக்கம் எழுதினேன். படம் இருந்தது, அழித்தது நான், ஆகவே வளைவு முழுவதையும் விட்டுவிடுங்கள் என்றேன். மரியாதையாகப் பதில் வந்தது. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் இடம் குறிப்பாகத் தெரியாமல் முழு வளைவையும் நிறுத்த முடியாது, குடும்பம் விரும்பும் ஒரு மரத்தை மட்டும் விட்டுவைக்கிறோம் என்று இருந்தது. நரெலின் அப்பா கென் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏன் அது என்று கேட்டதற்கு, நிழல் நன்றாக இருக்கிறது என்றார்.

இப்போது அதைச் சுற்றி வேலி, வேலியைச் சுற்றித் தார், தாரின்மேல் கார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நரெல் அவரைக் கூட்டிவந்து மடக்கு நாற்காலியில் உட்கார வைப்பாள். போன வாரம் நானும் பிளாஸ்கில் டீயோடு போனேன். போகாமல் இருந்துவிட முப்பது காரணம் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

கென் டீயை வாங்கிக்கொண்டார். மூச்சு சீறியது. மரத்தின் அடியைக் கையால் காட்டினார்.

"டீச்சர், அந்தப் படம் உங்க கைக்கு வந்ததாமே. இந்த மரந்தானே அதுல இருந்துச்சு?"

நரெல் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிடுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. ஓர் ஆமாம் போதும், அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவர் மகள் அழக்கூடாது என்று அன்றைக்கும் ஒரு பொய் சொன்னேன். அதில்தான் இவ்வளவும் போனது.

"எனக்குத் தெரியாது கென். நான் அதைப் பார்க்கல."

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

"ஒரு தடவ பார்த்திருக்கலாம் டீச்சர்" என்றார்.