இருபத்தொரு நாள் லீவு

இடது கன்னத்தை முடித்துவிட்டு மகள் ரேசரை மக்கில் அலசிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

"யாரு இப்ப?" என்றாள் மாடி வீட்டு நர்ஸக்கா. அப்பாவின் தாடையை நிமிர்த்திப் பிடித்தபடி கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

விடியும்போது போன உயிர். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். அதற்குள் இந்தத் தாடியை எடுத்துவிட வேண்டும். மகளுக்கு இன்று மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான்.

"ஃபைலம்மா, அக்கா. பதினோரு மணிக்கு வர்றதா சொல்லியிருந்தாங்க."

"வர வேண்டாம்னு சொல்லலையா?"

"போன் பண்ணேன். வரிசையில ஒன்பதாவது ஆளுன்னு சொல்லிப் பாட்டுப் போட்டான். வச்சுட்டேன்."

ஃபைலம்மா என்பது அப்பா வைத்த பெயர். முதியோர் உதவி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து, ஆளுக்கு எவ்வளவு முடியவில்லை என்று பார்த்து மார்க் போடுகிறவள். இருபத்தைந்து மார்க் வந்தால் தினமும் நான்கு மணி நேரம் வீட்டுக்கு ஓர் உதவியாள் வருவார். மகள் மருந்துக் கடையில் நிற்கிற நேரம் அது. அந்த நான்கு மணி நேரத்துக்காகத் தலையால் தண்ணீர் குடித்திருந்தாள். 'முதியோருக்கான உதவிகள்' என்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் ஒரு கிழவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த எண்களில் பாதி வேலை செய்யவில்லை. வேலை செய்த எண்களில், அது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். சிரிக்கிற கிழவரை எங்கே பிடித்தார்களோ.

ஒருவழியாகப் போன கோடையில் ஃபைலம்மா முதல் தடவை வந்தாள். அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது.

அதிகாரி வருகிறாரே என்று மகள் முந்தின நாளே வீட்டைத் துடைத்தாள். சிறுநீர்க் குடுவையைக் கழுவிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்தாள். அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்பா பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் இயக்கியவர். முகத்தில் ஒரு முடி இருந்தால் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அதனால் வேலை நாள் என்றால் சவரம், லீவு என்றால் தாடி. வேலையிலிருந்து நின்ற பிறகும் தினமும் சவரம்தான். கை நடுங்க ஆரம்பித்ததும் மகள் செய்துவிட்டாள்.

ஃபைலம்மா உள்ளே வந்ததும் அந்த மனுஷர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். எங்கிருந்து தெம்பு வந்ததோ.

"வாங்கம்மா. எத்தனாவது மாடி?"

ஃபைலம்மா சிரித்தாள். மகளும் சேர்ந்து சிரித்தாள். பாவி, அப்போது சிரித்தாள்.

"நீங்களே குளிச்சுக்குவீங்களாய்யா?"

"பின்ன? யாரு குளிப்பாட்டணும்?"

தானாக எழுகிறார், நகைச்சுவையாகப் பேசுகிறார், நல்ல கவனிப்பு உள்ளது என்று எழுதிக்கொண்டு போனாள். மார்க் பதினாறு. அதற்கப்புறம் இரண்டு நாள் அப்பாவால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

மேல்முறையீடு எழுதிப் போட்டு, மறுபடி வருவதாகத் தேதி வந்தபோது நர்ஸக்கா சொன்னாள்: "நீ பளபளன்னு வச்சிருந்தா அவ எப்படிடி எழுதுவா? இந்தத் தடவை எதையும் தொடாத. அப்படியே விடு. பார்த்துட்டுப் போகட்டும்."

விட்டாள். மூன்று வாரம் ரேசரைத் தொடவில்லை. கடைசி நாட்களில் விரிப்பைக்கூட மாற்றவில்லை. தினமும் காலையில் அப்பா கன்னத்தைத் தடவிப் பார்ப்பார்.

"இன்னைக்கு லீவா?"

"ஆமாப்பா. லீவு."

"நேத்தும் லீவுதானே?"

அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மணி மறுபடி அடித்தது. கையில் நுரையோடு போய்க் கதவைத் திறந்தாள்.

"மறுபார்வைக்கு வந்திருக்கேன். அப்பா முழிச்சிருக்காரா?"

"காலைல போயிட்டாரு."

ஃபைலம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எங்கே போனார் என்று கேட்கப்போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள். பிறகு மகளின் கையைப் பார்த்தாள்.

"ஐயோ. ரொம்ப சாரிம்மா."

உள்ளே வந்து அறை வாசலில் நின்றாள். நல்லவள்தான். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் பழகிய கண் சும்மா இருக்குமா? கீழே உருட்டிப் போட்டிருந்த அழுக்கு விரிப்பில் நின்றது, குடுவைக்குப் போனது, சாப்பாடு காய்ந்திருந்த தட்டில் முடிந்தது. மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மகளுக்குத் தெரிந்தது.

"இவ்ளோ முடியாம இருந்தாரா? போன தடவையே இப்படின்னு தெரிஞ்சிருந்தா..."

"போன தடவை நீங்க வர்றீங்கன்னு குளிப்பாட்டி வச்சிருந்தேன்," என்றாள் மகள். "இந்தத் தடவை நீங்க வர்றீங்கன்னு குளிப்பாட்டாம வச்சிருந்தேன். அப்படியே போயிட்டாரு."

நர்ஸக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஃபைலம்மா ஒரு தாளை எடுத்தாள். "இப்பக் கேக்கக் கூடாதுதான். இதுல ஒரு கையெழுத்து மட்டும். இல்லன்னா மனு நிலுவையில இருக்குன்னு உங்களுக்கு லெட்டர் வந்துட்டே இருக்கும்."

மனுவை முடிப்பதற்கான காரணங்கள் அதில் இருந்தன. வீடு மாறிவிட்டார். குடும்பத்தினரே கவனிக்கிறார்கள். உதவி இனித் தேவையில்லை. ஃபைலம்மாவின் பேனா கடைசிக் கட்டத்தில் தயங்கி நின்றது.

"இதைத்தான் போடணும். வேற கட்டம் இல்லம்மா."

"போடுங்க."

ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டாள். மை கொஞ்சம் ஊறிப் பரவியது. ஃபைலம்மா தாளை ஊதிக் காயவைத்து, ஃபைலில் சொருகி, செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனாள்.

மகள் அறைக்குத் திரும்பியபோது வலது கன்னத்து நுரை காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது.

"போதும்டி," என்றாள் நர்ஸக்கா. "துணியால மூடித்தானே கொண்டுபோவாங்க. யாரு பார்க்கப்போறா?"

மகள் வெந்நீர் மாற்றிக்கொண்டு வந்தாள். பிரஷ்ஷை நனைத்துப் புதிதாக நுரை எழுப்பி, வலது கன்னம் முழுக்கத் தடவினாள். காதோரத்திலிருந்து ரேசரை இறக்கினாள். கன்னம் குழிந்திருந்த இடம் வந்தது. பல் போன பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் அப்பா உள்ளேயிருந்து நாக்கால் தள்ளிக் கொடுப்பார். அப்போதுதான் ரேசர் சீராகப் போகும்.

நர்ஸக்கா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் குனிந்திருந்த அவள், தன் வலது கன்னத்தைத் தன் நாக்கால் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு, ரேசரை மெல்ல இழுத்தாள்.