கிழவரும் பையனும் பாடிய காசெட்

ஜுல்பிகரின் ரெக்கார்டிங் கடை ஈயடிக்கத் தொடங்கி நான்கு நாளாயிற்று. எண்பத்தேழு செப்டம்பர், இடஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சிச் சாலைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மெட்ராசிலிருந்து வெற்றுக் காசெட் வரவில்லை. கடையில் இருந்தவை இசைத்தட்டுகளும், ஊரார் பாட்டுப் பதியக் கொடுத்த காசெட்டுகளும்தான். அடுத்தவர் பொருளில் கை வைக்கிற ஆளில்லை அவன்.

அவனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, சிங்கப்பூர் மச்சான் அனுப்பிய அமெரிக்கக் காசெட். ஒரு கிழவர் கிட்டாரோடு இழுத்து இழுத்துப் பாடுவார், அது ப்ளூஸாம். நடுவில் ஒரு பையன் புகுந்து தாளத்துக்குப் படபடவென்று பேசித் தள்ளுவான், அது ஹிப்-ஹாப்பாம். இரண்டும் ஒட்டாமலேயே ஒன்றாக ஓடும். ஜுல்பிகருக்கு அதில்தான் பைத்தியம். அவன் மனைவி சப்ரின், கிழவருக்குப் பல்வலி, பையனுக்குப் பஸ் போய்விடும் அவசரம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். கூட ரசிக்க ஓர் ஆள் இல்லையே என்று ஒரு வருஷமாக அவனுக்கு மனக்குறை.

அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தியாகதுருகத்திலிருந்து ராஜாங்கம் நடந்தே வந்தார். முந்தின நாள் சாலையோரப் புளியமரத்தை வெட்டும்போது அது அவர் தம்பி மாயவன்மேலேயே விழுந்து, ஆள் போய்விட்டான். விடிந்தால் பிணம் எடுக்க வேண்டும். மாட்டுவண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சொல்ல வேண்டும். கோஷம் போட்டுப் போட்டு ஊரில் ஒருவருக்கும் தொண்டையில்லை. ஜுல்பிகரே பேசிப் பதிந்து தர வேண்டும் என்றார்.

ஜுல்பிகர் வாசகம் எழுத உட்கார்ந்தான். ராஜாங்கம் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. காசெட்டின் அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை அசையாமல் கேட்டார்.

“கெழவன் ஒப்பாரி வெக்கறான். பையன் நியாயம் கேட்டுக்கினு நிக்கறான்,” என்றார். “நேத்துலேர்ந்து எங்க வூட்ல இதான் பாய். அம்மா அழுவுது, பங்காளிங்க கத்திக்கினு கெடக்கறானுங்க. ரெண்டும் ஒரே துக்கந்தான்.”

ஒரு வருஷம் கேட்டும் ஜுல்பிகருக்கு இது தோன்றியதில்லை. சந்தோஷமாக இருந்தது, இழவு வீட்டுக்காரர் முன்னால் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“எல்லாம் அடங்கனதும் எனக்கும் இத ஒண்ணு பதிஞ்சி குடுங்க பாய்.”

“தரேண்ணே.”

ராஜாங்கம் முகம் கழுவத் தெருக்குழாய்க்குப் போனார். ஜுல்பிகர் அந்த அமெரிக்கக் காசெட்டையே வெளியே எடுத்தான். மேல்பதிவு ஆகாமலிருக்கக் அதன் முதுகில் கம்பெனிக்காரன் விட்டிருந்த இரண்டு பள்ளங்களிலும் செல்லோடேப் ஒட்டினான். அறிவிப்பு ஒரு நிமிஷம்தான். ஆனால் திரும்பத் திரும்பப் பேசி இரண்டு பக்கமும் நிரப்ப வேண்டும். நடுவில் இங்கிலீஷ் பாட்டு கிளம்பினால் இழவுக்கு மரியாதையில்லை.

ராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எந்தக் காசெட் என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ரெக்கார்டு பட்டனை அழுத்தி, மாயவனின் பெயரைச் சொல்லத் தொடங்கினான்.