பாலத்தில் செத்த டிராகன்

கஜந்தினி தன் வலைப்பூவில் மாயக்கதைகளுக்கு விமர்சனம் எழுதும்போதெல்லாம், கீழே வந்து சண்டை பிடிப்பது ‘வௌவால்’ என்ற பெயர்தான். இந்த வாரம் புது நாவல் ஒன்றுக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாள். உடனே வந்துவிட்டது வௌவால்: “பாலத்தில் டிராகன் செத்த இடத்தில்கூட உங்களுக்கு அழுகை வரவில்லையா?”

கஜந்தினிக்குச் சுருக்கென்றது. கடையில் விற்கும் புத்தகத்தில் அந்த டிராகன் சாகவேயில்லை. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய பிரதியில்தான் செத்தது; பிறகு முடிவை மாற்றிவிட்டார்கள். அப்படியென்றால் இந்தச் சனியனும் ஒரு விமர்சகர்தான். தெரிந்த விமர்சகர்களின் பதிவுகளை இரண்டு நாளாகத் துருவினாள். எல்லார் மேலும் சந்தேகம் வந்தது, ஒருவரும் அகப்படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தனக்கு வந்த அந்தப் பிரதியை மறுபடி பார்க்க அலுமாரியைத் திறந்தாள். பாலத்துக் காட்சியில் மஞ்சள் விரல் அடையாளம் ஒன்று பதிந்திருந்தது.

குசினியில் அவள் கணவன் யனுஷன் கணவாய்க்கறி வைத்துக்கொண்டிருந்தான். பூதக்கதை தனக்குச் சரிவராது என்று கல்யாணமான நாள்முதல் சொல்லிவருபவன்.

“இஞ்சாருங்கோ, அந்த டிராகன் கடைசியிலை தப்பினது நல்ல முடிவு, என்ன?”

“எங்கை தப்பினது? பாலத்திலையே செத்துப்போச்சு, பாவம்.” அகப்பை சட்டியில் அப்படியே நின்றது.

“ஏன் எனக்கு நேரை சொல்லேல்லை?”

யனுஷன் திரும்பவில்லை. “பத்து வருசமா என்ரை கறிக்கே நீர் மூண்டு நட்சத்திரத்துக்கு மேலை தரேல்லை. நேரை சொல்ல ஆருக்குத் துணிவு வரும்?”