யூலிற்றா வீட்டு மறியல்

சிலாவத்தை யூலிற்றாவின் வீட்டுக்கு முதலாவது கைதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. அன்று சந்தையில் திரளி மீன் கிலோ ஆயிரத்து நானூறு. அவள் குசினி வாசலில் இருந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது, கடைசி அறைத் திரையை விலக்கிக்கொண்டு ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வெளியே வந்தார். அரைக்காற்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார். இடுப்புப்பட்டியும் இல்லை, சப்பாத்தில் நாடாவும் இல்லை. யூலிற்றா கத்தவில்லை. வீட்டுக்கு வந்தவர் எந்த வழியால் வந்தாலும் வந்தவர்தானே என்று கதிரையைக் காட்டி, கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி வைத்தாள். கிழவர் மூன்று கோப்பை குடித்தார். மறுநாள் மத்தியானம் அறைக்குள்ளிருந்து ஒரு குரல் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. சோற்றுக் கவளத்தை வாயில் வைத்தபடியே அவர் ஏதோ பதில் சொன்னார். சொன்னதும் ஆளைக் காணவில்லை. கவளமும் அவரோடு போயிற்று.

இதன் காரணத்தை அறிய யூலிற்றாவின் புருசன் கொலின்ஸைப் பற்றி அறிய வேண்டும். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இது புகழ்ச்சி இல்லை, ஒரு குறைபாடு. சிலருக்கு நீந்த வராது, இவனுக்குப் பொய் வராது. யுத்தம் முடிந்து சனமெல்லாம் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்த காலத்தில், தவறுதலாகக் கையில் விழுந்த இரண்டாவது சோற்றுப் பார்சலைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் வரிசையில் போய் நின்ற ஒரே மனிதன் அவன்தான். அவனுக்கு முன்னால் நின்றவள் யூலிற்றா. இப்படி ஒரு விசரனை விட்டால் வேறு யார் எடுப்பார்கள் என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய பின் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டோடு கொலின்ஸ் தன் கையாலேயே இன்னும் ஓர் அறை கட்டினான். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். யன்னல் வைக்குமுன் உல்லாசக் கப்பலில் வேலை சரிவந்துவிட்டது. கடலில் மீன் குறைந்துபோன காலம், ஆகவே போனான். முதலில் மேசை துடைத்தான். மேசைக்கடியில் கிடந்த தங்கக் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்ததால், இரண்டாம் மாதமே காவல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நாலாயிரம் பேர் ஏறும் கப்பலில் குழப்படிக்காரரும் ஏறத்தான் செய்வார்கள். சின்னக் குழப்படி என்றால் மதுச்சாலைக்குப் போகமுடியாதபடி அவருடைய பயண அட்டையை நிறுத்துவார்கள். கொஞ்சம் மிஞ்சினால் அவரவர் அறையிலேயே மறித்து, வாசலில் ஒரு காவலாளியைக் கதிரை போட்டு இருத்துவார்கள். அடிதடி, பிறரை வெருட்டுவது, கடலுக்குள் சாமான் எறிவது என்று போனால் கப்பல் தலைவனின் கட்டளையோடு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கப்பலின் சிறையான மறியல் அறை. அங்கே தரையோடு பொருத்திய கட்டில், இறப்பர் மெத்தை, கரண்டி இல்லாமல் கடதாசித் தட்டில் சாப்பாடு. இடுப்புப்பட்டியையும் சப்பாத்து நாடாவையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வைத்தியர் ஒருதரம் வந்து பார்ப்பார். அடுத்த துறைமுகத்தில் பெயரைக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகு கதவைத் திறந்து பொலிசிடம் கொடுப்பார்கள். அந்த ஆள் பிறகு ஆயுளுக்கும் அந்தக் கொம்பனிக் கப்பலில் கால் வைக்க முடியாது. அதுவரைக்கும் வாசலில் இருக்கும் காவலாளி பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் கதவில் உள்ள துவாரத்தால் பார்த்து, கைதி என்ன செய்கிறார் என்று கொப்பியில் எழுதவேண்டும்.

கொலின்ஸ் முதல்நாள் அந்த அறையைக் காலடியால் அளந்தான். ஒன்பதுக்கு ஏழு. யன்னலும் இல்லை. "இது எங்கட வீட்டுக் கடைசி அறை" என்று பக்கத்தில் நின்ற நேபாளிக் காவலாளிக்குச் சொன்னான். பொய் சொல்லாதவன் சொன்ன சொல் அல்லவா, அன்றிலிருந்து அது அப்படியே ஆயிற்று. அந்த அறையில் யாரைப் போட்டுப் பூட்டினாலும் அவர் சிலாவத்தையில் இருந்தார். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும், அங்கே பகலோ இரவோ, உள்ளே யூலிற்றாவின் நேரம்தான். பூட்டப்படாமல் சாப்பாடு வைக்கவோ கூட்டித் துடைக்கவோ போனவர்களுக்கு மட்டும் அது வெறும் இரும்பு அறையாக இருந்தது. கொலின்ஸ் எத்தனையோ தரம் துடைப்பத்தோடு போய்ப் பார்த்தான். இரும்புதான்.

ஆனால் துவாரத்தால் அவனுக்கு எல்லாம் தெரிந்தது. அறைச் சுவரில் கலண்டர் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று உண்டு. அதனூடாகத்தான் பார்வை போயிற்று. நேரெதிரே வாசல், காற்றுக்குத் திரை விலகினால் குசினி, குசினியில் யூலிற்றா. அவள் முருங்கைக்காய் நறுக்குவதையும், தலைமுடியை முடிவதையும், கைபேசியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு இருப்பதையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்டான். கண்டு என்ன, ஒரு சத்தமும் கேட்காது, ஒரு வாசமும் வராது. பார்த்துவிட்டுக் கதிரையில் வந்து இருந்தால் நெஞ்சு நொந்தது. கொப்பியில் கண்டதை எழுதப் பயந்து, வாழ்நாளில் முதல்முறையாகப் பொய் எழுதினான். கைதி நித்திரை. எழுதிய அந்தக் கணமே சிலாவத்தையில் கைதியின் தலை சரிந்துவிடும். இரண்டு நிமிடம் குறட்டை விட்டுவிட்டு எழும்புவார். அவனுடைய பொய்கூட அவ்வளவுதான் போயிற்று.

ஒப்பந்தம் முடிந்தபோது அவன் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் இரண்டு மாதம், திரும்பிப் போனால் வேறு கப்பல், வேறு அறை. இந்தத் துவாரம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்து வைத்தான், பிறகும் ஒவ்வொரு தரமும் இன்னும் ஆறு மாதத்துக்கு. யூலிற்றாவுக்குத் துவாரத்தைப் பற்றித் தெரியாது. கண்டபடி ஆம்பிளைகள் வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடிப்பதைச் சொன்னால் மனிசன் அங்கே கிடந்து கலங்குவான் என்று அவளும் சொல்லவில்லை. மூன்று வருடமாக இருவரும் தொலைபேசியில் மழையைப் பற்றியும் பூசையைப் பற்றியும் கதைத்தார்கள். கதை முடிந்ததும் அவள் தேங்காய் துருவியபடி அழுவாள். அதையும் அவன் கண்டான்.

ஊர் கைதிகளுக்குப் பழகிவிட்டது. மறியலில் இருப்பவரை எப்படி நடத்தவேண்டும் என்று அந்த ஊர்ச் சனத்துக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சூதாட்ட மேசையைப் புரட்டியவர், கதிரைகளைக் கடலுக்குள் எறிந்த பெண், மனைவியின் தங்கைக்கு அறைந்தவர் என்று பலரும் வந்து, கரைவலை இழுக்கக் கைகொடுத்தார்கள், கோவில் திருநாளுக்குச் சோடனை கட்டினார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் கயிற்றைப் பிடித்தபடியே தூங்கி விழுவார்கள், அவ்வளவுதான் கரைச்சல். கிராம அலுவலர் கிருபன் மட்டும் குடும்ப அட்டையில் ஆட்களைப் பதியவேண்டுமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். இன்றுவரை பதில் வரவில்லை.

மூன்றாம் வருடம் மாசியில்தான் தமிழ் தெரிந்த ஒரு கைதி வந்தா. பெயர் பிரேமிளா, ஊர் மாங்குளம், இருப்பது ரொறன்ரோவில். சாப்பாட்டு வரிசைக்குள் இடையில் புகுந்த ஒருவனின் தலையில் சூப்புக் கோப்பையைக் கவிழ்த்ததற்காக இரண்டு நாள் மறியல். வந்த உடனேயே தேங்காய்ப்பூவைப் பிழிந்துகொண்டு கதைக்கத் தொடங்கினா.

"மறியல் எண்டாலும் நல்லாத்தான் இருக்குது தங்கச்சி. ஆனா வாசல்ல இருக்கிற காவல்காரனை நினைச்சாத்தான் பாவமாக் கிடக்கு. எங்கட ஆள். கொண்டு வந்து பூட்டேக்க தண்ணி வேணுமோ எண்டு தமிழிலை கேட்டவன். பேர் மரியநாயகமாம், சட்டையிலை குத்தியிருக்கு."

"மரியநாயகம் என்ர மாமாவின்ர பேர், அக்கா. இவரின்ர தகப்பன். அவர் செத்துப் போனார்."

"இது செத்த ஆளில்லை. இடது புருவத்திலை வெட்டுக்காயம். பூட்டேக்க கண்ணீரைக் கையாலை துடைக்கேல்லை, தோள்மூட்டாலை துடைச்சவன்."

யூலிற்றாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. கொலின்ஸின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் பின்னுக்கும் இருக்கும். கப்பல்காரர் முன்னுக்குள்ளதை எடுத்துச் சட்டையில் குத்திவிட்டார்கள். மூன்று வருடமாகக் கப்பலில் வேலை செய்தது செத்துப்போன மாமாதான்.

"கதவிலை ஒரு ஓட்டை இருக்குது, அதாலை ஓயாமல் பாப்பனெண்டு பூட்டேக்க சொன்னவன்" என்று பிரேமிளா சொல்லி, சுவரில் இருந்த ஆணி ஓட்டையைக் காட்டினா. யூலிற்றா கண்ணை வைத்துப் பார்த்தாள். இருட்டு. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று வருடமாக அவன் அவளைக் கண்டிருக்கிறான், அவள் அவனைக் காணவில்லை. வாசல் திரையைக் கழற்றி எறிந்தாள். கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, ஓட்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கை உளைந்தது. பிடித்துக்கொண்டே நின்றாள். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நீங்கள் மட்டும் என்னைப் பாத்தாச் சரியோ? நான் உங்களைப் பாக்க வேண்டாமோ?"

கொலின்ஸ் அதைப் பதினொன்றேகாலுக்கு வாசித்தான். பதினொன்றரைக்குக் கொப்பியை எடுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலிசில், எழுத்துப் பிழைகளோடு உண்மையை எழுதினான். கைதி எங்கள் வீட்டுக் குசினியில் தேங்காய்ப்பால் பிழிகிறா. என் மனைவி சுவருக்கு முன்னால் நிற்கிறா. பதினொன்றே முக்காலுக்கு: கைதி மீன் பொரிக்கிறா. என் மனைவி இன்னும் நிற்கிறா. இப்படி ஐந்து பக்கம். ஆறாம் பக்கத்தில் மேலதிகாரி கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு கப்பல் தலைவன் பார்த்தார், வைத்தியர் பார்த்தார். ஒருவரும் துவாரத்தால் பார்க்கவில்லை, எழுதியது உண்மையா என்று மட்டும் மூன்று பேரும் கேட்டார்கள். உண்மை என்று மூன்று தரமும் சொன்னான். புத்தி தடுமாறிய ஊழியரை அவருடைய பாதுகாப்புக்காகவே மறித்துவைக்க வேண்டும் என்பது கப்பல் சட்டம். பிரேமிளாவைத் துறைமுகத்தில் இறக்கிய ஒரு மணித்தியாலத்தில் கொலின்ஸின் இடுப்புப்பட்டியையும் சப்பாத்து நாடாவையும் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டுப் பூட்டினார்கள். பூட்டும்போது அவன் சிரித்தான். வைத்தியர் அதையும் குறித்துக்கொண்டார்.

சிலாவத்தையில் அப்போது புதன்கிழமை பின்னேரம் நாலு மணி. அவன் காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். மூன்று வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை.

"யூலி, நீ கறிக்கு ரெண்டு தரம் உப்புப் போடுறனி. முதல் போட்டதை மறந்துபோடுறாய்."

"நீங்கள் இல்லாத வீட்டிலை எனக்கென்ன நினைவு நிக்கும்?" என்றாள் அவள். சிரிக்கத்தான் தொடங்கினாள், அது அழுகையாகப் போயிற்று.

அடுத்த துறைமுகம் மூன்று நாள் தூரம். கூப்பிட்டால் பதில் சொல்லவேண்டும், சொன்னால் காணாமல் போகவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். பதில் சொல்லாதேங்கோ என்று கெஞ்சினாள். "என்னைக் கூப்பிட்டா நான் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது, யூலி?" என்றான். அவனுக்கு அது முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஒரு சோற்றுப் பார்சலை வைத்துக்கொள்ள முடியாதவன் அல்லவா. வியாழக்கிழமை அறைக்கு யன்னல் வைத்தான். வெள்ளிக்கிழமை கூரையில் ஒழுக்குப் பார்த்தான். இந்த மூன்று நாளும் துவாரத்தால் பார்த்த நேபாளி, குசினியில் நண்பன் மனைவியோடு இருப்பதைக் கண்டும் கைதி நித்திரை என்றே எழுதினான். அவனுக்குப் பொய் நன்றாக வரும், ஆகவே ஒருவரும் தூங்கி விழவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மரியநாயகம்!"

கொலின்ஸ் பழக்கத்தில் எழுந்து நின்றான். வாய் திறந்துவிட்டது. யூலிற்றா ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"உங்கட பேரைச் சொல்லுங்கோ" என்றாள்.

அவள் கைக்குள்ளாலே, "கொலின்ஸ்" என்றான்.

"அப்ப அவையள் உங்களைக் கூப்பிடேல்லை. மாமாவைக் கூப்பிடுகினம்."

இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். கொலின்ஸ் யோசித்தான். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூன்றாம் தரம் குரல் வந்தபோது யூலிற்றா ஆணி ஓட்டையில் வாயை வைத்து, கடற்கரை முழுவதும் கேட்கும்படி சத்தமிட்டாள்.

"மரியநாயகம் செத்துப் பதினாறு வரியம்! வேணுமெண்டாச் சேமக்காலையிலை போய்க் கேளுங்கோ!"

பிறகு குரல் வரவில்லை. கப்பலில் கதவைத் திறந்தபோது மடித்த போர்வை ஒன்று இருந்ததாம். ஆள் துறைமுகத்தில் தப்பி ஓடிவிட்டதாகக் கொம்பனி கடிதம் அனுப்பியது. கடிதம் மரியநாயகத்தின் பெயருக்கு வந்ததால் யூலிற்றா அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். நாட்டுக்குள் வந்ததற்குக் கடவுச்சீட்டும் முத்திரையும் இல்லாததைக் கண்ட கிராம அலுவலர் கிருபன், பதிவுத் தாளில் வந்த வழி என்று இருந்த இடத்தில் கடைசி அறை என்று எழுதி முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு ஒரு கைதியும் வரவில்லை. அறையில் இப்போது வலை கிடக்கிறது.

கொலின்ஸ் மறுபடியும் கரைவலைக்குப் போகிறான். வீட்டில் நிற்கும் நாட்களில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வருவான். உள்ளே எட்டிப் பார்ப்பான். ஒன்றும் கேட்கமாட்டான். யூலிற்றா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "இருக்கிறன்" என்பாள். அவன் போய்விடுவான்.