முன்கூட்டிப் போட்ட விடலை

பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலை போட, அதாவது சிதறுதேங்காய் உடைக்க, வருகிறவர்களுக்குத் தேங்காய் விற்கிறவன் தளவாய். காய் வாங்குகிற விதத்தை வைத்தே, வேண்டுதல் பலித்துவிட்டதா இனிமேல்தானா என்று சொல்லிவிடுவான். பலித்தவர்கள் பேரம் பேசமாட்டார்கள். ஊரார் விஷயத்தில் இத்தனை கெட்டிக்காரன், சிகரெட் விஷயத்தில் எத்தனை தடவை 'விட்டாச்சு' என்று சொல்லி மண்ணைக் கவ்வியிருக்கிறான் என்பது கடைத்தெருவுக்கே தெரியும்.

இந்தத் தடவை ஓணத்திலிருந்து தொடவில்லை. மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறதென்று போனவனிடம் டாக்டர் பேசிய பேச்சில் ஆள் ஆடிப்போயிருந்தான். மனைவி இசக்கிசெல்வி புத்தி சொல்லவில்லை, வேவு பார்க்கவில்லை. சட்டைப் பையில் நெல்லிக்காய் வற்றலைப் போட்டு அனுப்புவாள். அவன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அடுக்களைக்குப் போய்விடுவாள். வீட்டில் சாயா மட்டும் நின்றுபோயிற்று. "எனக்கு நெஞ்செரிச்சலா இருக்கு, பாத்துக்கிடுங்க," என்று சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். அவனுக்கும் அது நல்லதாகப் போயிற்று. சாயா உள்ளே போனால் கை தானாகச் சிகரெட்டைத் தேடும்.

அன்று காலை சாலைக் கம்போளச் சந்தையில் காய் எடுக்கப் போன இடத்தில் மொத்த வியாபாரியோடு வாய்த்தகராறு. திரும்பும் வழியில், தலை கொதிக்கிற கொதிப்பில், ஒரே ஒரு சிகரெட் வாங்கிவிட்டான். கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒதுங்கித் தீக்குச்சியை எடுத்தவன் அப்படியே நின்றான். கோயில் முன்னால் இசக்கிசெல்வி. அடுத்த கடைச் சுடலைக்கண்ணுவிடம் காய் வாங்கிக்கொண்டிருந்தாள். பேரம் பேசவில்லை.

அவள் காயைப் போட்டாள். குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலப் போட்டால் எது உடையும்? உருண்டு ஓடியது. எடுத்து மறுபடி போட்டாள். அப்போதும் உடையவில்லை. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபின் தளவாய்க்குச் சந்தில் நிற்க முடியவில்லை.

"ஏட்டி, நம்ம கட இருக்கப்ப அவன்ட்ட எதுக்கு வாங்குத?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீங்க சாலைக்குப் போயிருப்பீயன்னு வந்தேன். சிகரெட்ட விட்டா விடலை போடுதேன்னு நேந்திருந்தேன். அதான் விட்டாச்சுல்லா."

ஒரு பொய் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. கையை விரித்துக் காட்டினான்.

"விடல செல்வி. இப்பத்தான் வாங்கினேன்."

"பத்த வச்சாச்சா?"

"இல்ல."

"அப்ப வேண்டுதல் தப்பல. நீங்களே உடைங்க."

சிகரெட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான். காயைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தான். சில்லுச் சில்லாகத் தெறித்தது. ஊருக்கெல்லாம் காய் விற்றவன் தனக்கென்று ஒன்றை உடைத்தது அதுதான் முதல் தடவை. மனசு லேசாகிவிட்டது.

"ஒரு சாயா குடிக்கணும் போல இருக்கு," என்றாள் அவள்.

தளவாய்க்கு உள்ளூரப் பயம்தான். இருந்தும் அவளோடு எதிர்ச் சாயாக் கடையில் போய் உட்கார்ந்தான். நாலு வாய் உறிஞ்சியதும் கை சட்டைப் பைக்குப் போயிற்று. வற்றல்தான் அகப்பட்டது. வாயில் போட்டுக்கொண்டான். இசக்கிசெல்வி கண்ணை மூடி மூடிக் குடித்து, கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இன்னொண்ணு சொல்லுங்க."

"நெஞ்செரிச்சல்னியே?"

"யாருக்கு?" என்று சிரித்தாள்.

இத்தனை நாளும் தான் மட்டுமே ஒன்றை விட்டுக்கொண்டிருந்ததாக அவன் நினைத்திருந்தான்.

"சேட்டா," என்று கடைக்காரரைக் கூப்பிட்டான், "இவளுக்கு இன்னொரு சாயா. நல்லா ஸ்ட்ராங்கா."