பச்சைக் கதவு வீட்டுக் கருங்காலி

லென் தாக்ரேயோடு இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை என்பதை லென் தாக்ரே மறந்துவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று புதன்கிழமை. சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் எங்கள் வரலாற்றுக் குழு கூடியிருந்தது. குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல் போன பழைய ஆட்கள் கொஞ்சம் பேர், மேசை நிறைய புகைப்படங்கள், நான் போடும் டீ. ஊரைப் பற்றிப் புத்தகம் கொண்டுவருகிறோம் என்று பெயர் பண்ணிக்கொண்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லென் உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றி மழைத் தண்ணீரை உதறினான்.

"என்னப்பா, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? ஜாய்ஸ், டீ கீ உண்டா?"

ஜாய்ஸ் நான்தான். முப்பது வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து என் பெயரைக் கேட்கிறேன்.

நிலக்கரிச் சுரங்கத்தில் பெரிய வேலைநிறுத்தம் ஒரு வருஷம் நடந்தது. இதே மன்றத்தில்தான் ஊருக்கே சமைத்துப் போட்டோம். நானும் லென்னின் மனைவி மேவிஸும் ஒரே தொட்டியில் கைவிட்டு உருளைக்கிழங்கு உரித்தவர்கள். அது முடியப்போகும் பனிக்காலத்தில், கல்லெறிக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட நிர்வாகத்து பஸ்ஸில் ஏறி லென் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த மாதமே நாங்கள் தோற்று, ஆண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அவனுக்கு மட்டும் அதுவரை பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவனோ மேவிஸோ எதிரே வந்தால் ஊர் முதுகைத் திருப்பிக்கொள்ளும். அடி கிடையாது, திட்டு கிடையாது, முதுகு மட்டும்தான். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள்கூடக் காரணம் தெரியாமலே திரும்பிக்கொண்டன.

இப்போது அவன் நேராகப் போய் டெரிக் பக்கத்தில் உட்கார்ந்தான். அதுவும் டெரிக் பக்கத்தில்! போலீஸ் தடியில் மண்டை பிளந்து, ஜெயிலுக்கும் போய், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காமல் வீணாய்ப் போனவன் டெரிக். குழுவில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"குதிரைப் போலீஸ் வந்தாங்களே, ஞாபகம் இருக்காடா?" என்று அவன் தொடையில் தட்டினான் லென். "ரத்தம் சும்மா ஊத்துச்சு. உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ரயில் பாதை வரைக்கும் ஓடினேன். என்னா கனம் கனத்தே, படுபாவி!"

அது நிஜம். தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். அந்த வருஷத்துக் கோடைகாலம் வரை லென் தலையில் பத்திரமாக இருந்தது. பனிக்காலம்தான் மறதி நோயில் அழிந்துவிட்டது. டெரிக் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தான்.

மறு புதன்கிழமை லென் வருவதற்கு முன்னால் மேவிஸ் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். எல்லோரும் திரும்பிக்கொண்டோம். நான் கோப்பை கழுவினேன். ஆனால் காது கேட்கத்தானே செய்யும்?

"டெரிக், அவனுக்கு அது சுத்தமா ஞாபகம் இல்ல. இத்தனை வருஷத்துல இப்பத்தான் ராத்திரி தூங்குறான். யாரும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. பழகின வீடும் நானும் இருக்கிற வரைக்கும் ஓட்டிடலாம், வீடு மாறிச்சுன்னா ஆள் தேறமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு வேற யாரு இருக்கா?" மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு ஏன் வேலைக்குப் போனான்னு நீங்க ஒருத்தராவது கேட்டீங்களா? என்கிட்டயும் சொன்னதில்ல. இனிமே அவனுக்கே தெரியாது."

டெரிக் மட்டும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். சிரித்தான்.

"நீ கவலப்படாத மேவிஸ். அவன்கிட்ட அவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். சத்தியம்."

பாவி, அந்தச் சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினான்.

லென் வந்து பாதி டீ குடித்திருப்பான். டெரிக் குரலைத் தாழ்த்தினான்.

"லென், வேலைநிறுத்தம் நடக்கும்போதே நம்ம ஊர்லயும் ஒருத்தன் வேலைக்குப் போனான். தெரியுமா உனக்கு?"

"கருங்காலியா? நம்ம ஊர்லயா?" லென் கோப்பையைக் கீழே வைத்தான். "எவன்டா அந்த நாய்?"

"பேரு எங்க வாயில வராது. வேணும்னா வீட்டைக் காட்டுறேன். சூளைத் தெரு, பச்சைக் கதவு, மேல குதிரை லாடம் அடிச்சிருக்கும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லென் எழுந்தேவிட்டான்.

"அவன் பாட்டுக்கு சுகமா உள்ளே உக்காந்திருக்கான், நீங்க இங்க டீ உறிஞ்சிக்கிட்டிருக்கீங்களா? த்தூ! கிளம்புங்கடா."

கிளம்பினோம். மழையென்றும் பார்க்காமல், முட்டிவலிக்காரர்கள்கூடக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை என்றால் கால் தானாக நடக்கும் ஊர் இது, நான் மட்டும் விதிவிலக்கா?

வழியில் தன் வீடு என்ற நினைப்பு ஒரு துளி வந்திருக்கக்கூடாதா! வரவில்லை. லென் பச்சைக் கதவைக் காலால் உதைத்தான். மேவிஸ் திறந்தாள். கையில் அவனுடைய வீட்டுச் செருப்பு இருந்தது. கறியும் கிழங்கும் வேகும் வாசனை தெருவுக்கு வந்தது.

"என்ன லென், சாவி எடுத்துட்டுப் போகலையா? உள்ளே வா, நனையாதே."

"உன் புருஷன் எங்க? வெளியே வரச் சொல்லு அந்தக் கருங்காலியை."

மேவிஸ் அவனைத் தாண்டி எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதுகை மட்டுமே பார்த்துப் பழகியவள், அன்றுதான் எங்கள் முகங்களைப் பார்த்தாள். பார்க்கும்படியாகவா இருந்தன?

"அவர் வீட்ல இல்லைங்க," என்றாள், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது போல. "இப்ப வந்துடுவாரு. நீங்க உள்ளே வந்து உக்காருங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

"கருங்காலி வீட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்டி!"

படியில் காறித் துப்பினான். பிறகு அவளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். எங்களைவிட நன்றாகவே செய்தான். "அப்படிப் போடு!" என்று டெரிக் அவன் தோளில் தட்டினான். அந்தத் தோளில் ஊர்க்கை பட்டு எத்தனை வருஷமாயிற்று. லென்னுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை, மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

மழை வலுத்தது. அவரவர் வீட்டைப் பார்க்கப் போனோம், டெரிக்கும் போய்விட்டான். லென் எங்கே போவான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவன் விளக்குக் கம்பத்தடியில் நனைந்துகொண்டு நின்றான். மேவிஸ் குடையோடு எந்தப் பக்கம் வந்தாலும் மறுபக்கம் திரும்பினான். "கொஞ்ச நேரத்துல மறந்துடுவான், மறந்துடுவான்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது எதிர்வீடு வரை கேட்டதாம். இருட்டின பிறகு ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

அவன் மறக்காமல் இல்லை. குதிரைகளை மறந்தான், டெரிக்கை மறந்தான், சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது என்பதையும் மறந்தான். பச்சைக் கதவை மட்டும் மறக்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்தபோதெல்லாம் படியருகே நின்று கத்தினான். கடைசியில் பக்கத்து டவுனில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்.

என் மருமகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மேவிஸ் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போகிறாளாம். அவளைக் கண்டதும் லென் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறானாம். அவள் அந்த முதுகோடு ஏதாவது பேசிவிட்டு வருகிறாள்.

போன வாரம் மனசு கேட்காமல் மருமகள் சொல்லியிருக்கிறாள்: "வருத்தப்படாதீங்கம்மா. அவருக்கு இப்ப யாரையுமே அடையாளம் தெரியறதில்ல."

"என்னைத் தெரியுதே," என்றாளாம் மேவிஸ். "கருங்காலி பொண்டாட்டின்னு கரெக்டா சொல்றானே."