மாப்பிள்ளை இல்லாத நகரம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அடைப்புக்குறிக்குள் இருப்பவையும் சத்தியம். காற்புள்ளிகள் ஒன்றிரண்டு மட்டும் அழகுக்காகப் போட்டவை. அவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

இந்தக் கதை எங்கள் வீட்டு சோபாவுக்கு அடியில் பிறந்தது. என் தங்கையின் கணவர், அதாவது மாப்பிள்ளை, தன் கேமராவின் லென்ஸ் மூடியைத் தொலைத்துவிட்டார். கறுப்பு நிறம், பிஸ்கட் அளவு. இந்த வயதில் என்னைக் குப்புறப் படுக்கவைத்துத் தேடச் சொன்னார். மூடி கிடைக்கவில்லை. தும்மல் வந்தது. அதன் பின்னாலேயே கதையும் வந்தது.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: ‘நகரம் தன் ஆயிரம் சன்னல்களால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அந்த...’

சன்னல் மூச்சு விடாது. அடித்துவிட்டேன். அடுத்தது: ‘மனிதனா, இயந்திரமா என்ற ஆதிக் கேள்வி...’

இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே கண் சொக்கியது. நேராக மாப்பிள்ளையிடம் போய்விடுவோம்.

2

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். பகலெல்லாம் ஊரை மேலும் கீழும் அனுப்பிவிட்டு, மாலையில் ரோபோ செய்வார். வீட்டில் மிச்சமிருந்த ஒரே அறை அவருடையது. ஒயர், மோட்டார், பற்றவைக்கும் புகை, மூன்று இயந்திரக் கைகள் (எதற்கும் உடம்பு இல்லை). தங்கையின் தையல் மிஷின் பால்கனியில் இருந்தது. மழை வந்தால் அவள் முதலில் மிஷினை மூடுவாள், பிறகுதான் தன் தலையை.

அவருக்கு நகரத்தைப் படம் பிடிக்கும் பித்தும் உண்டு. ஆனால் படத்தில் ஆள் இருக்கக் கூடாது.

“ஆளுங்க வந்தாலே ஃபிரேம் கெட்டுப்போகுது மச்சான்.”

“தெருவையே ஆளுங்களுக்காகத்தானே போட்டிருக்கு மாப்பிள்ளை?”

“அங்கதான் முதல் தப்பு நடந்திருக்கு.”

ஆகவே, ஆளில்லாத நேரம் பார்த்துத் தானே படமெடுக்கும் ரோபோ ஒன்றைச் செய்தார். வயிறு பழைய வாக்குவம் கிளீனர், கால்கள் குழந்தை வண்டிச் சக்கரம், தலையில் கேமரா. தங்கை அதற்குப் பெயர் வைத்தாள்: சக்களத்தி.

“கண்காட்சிக்கு அனுப்பப் போறீங்களாமே? ஒரு படம் மாட்டினாகூடப் போதும், இந்த ரூம் உங்களுக்கே. நான் வாயே திறக்க மாட்டேன். மாட்டலைன்னா என் மிஷின் உள்ள வரும், சக்களத்தி பால்கனிக்குப் போவா. சரியா?”

“சரி.”

“அண்ணே, நீதான் சாட்சி.”

சாட்சியாக இருப்பவன் பக்கம் சாயக் கூடாது. எழுதுகிறவன் சாயலாம். நான் இரண்டும்.

3

(இது கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்படாதீர்கள், எனக்கும் தெரியாது.)

ஆளில்லை என்று தெரிய, ஆள் என்றால் என்னவென்று தெரிய வேண்டுமாம். அதற்கு ரோபோவிடம் நிறைய மனிதப் படங்களைக் காட்ட வேண்டும். தங்கை போஸ் கொடுக்க மறுத்தாள். எனக்கு முதுகுவலி. எனவே மாப்பிள்ளையே நின்றார். தொப்பியோடு, தொப்பி இல்லாமல், பக்கவாட்டில், துண்டு கட்டிக்கொண்டு, கடைசியில் கோபமாக. எல்லாவற்றையும் காட்டி, “இதுதான் மனிதன்” என்று சொல்லிக்கொடுத்தார்.

இயந்திரம் நல்ல மாணவன். உலகத்தில் மனிதன் ஒருவன்தான், அது மாப்பிள்ளை என்று புரிந்துகொண்டது.

விளைவு, காலித் தெருவில் அவர் பக்கத்தில் நின்றால் அது படமே எடுக்காது. “இன்னும் எவனோ இருக்கான்னு நினைக்குது” என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். பிறகு அதை என்னோடு அனுப்பிவிட்டு வேலைக்குப் போனார். வேலை விடும் நேரத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஊரே முண்டியடிக்கும் இடத்தில், சடசடவென்று எடுத்துத் தள்ளியது. வண்டிக்காரர்கள் அதைப் புது ரவுண்டானா என்று நினைத்து மரியாதையாகச் சுற்றிப் போனார்கள்.

இயந்திரத்தின் தேர்வில் மனிதக் கை படக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே படங்களைப் பார்க்கவே இல்லை. ரோபோவே பொறுக்கி, ரோபோவே கண்காட்சிக்கு அனுப்பியது.

4

கண்காட்சி நடுவர் அம்மாள் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. இப்படி ஒருவர் இருப்பாரா? ஆனால் அடுத்த வசனத்தைச் சொல்ல எனக்கு ஆள் வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.

“‘மனிதர் அற்ற நகரம்’னு தலைப்பு. படத்துல பார்த்தா ஒரே கூட்டம்! நிறைஞ்சு வழியுற வெறுமை சார் இது!”

மாப்பிள்ளை தலையாட்டினார். கண் மட்டும் வேறு பக்கம் போனது.

நடுச் சுவரில் பெரிய படம் ஒன்று. அவருடைய அறை. சார்ஜில் போட்ட ரோபோ அங்கிருந்தே எடுத்திருக்கிறது. மூன்று கைகளும் மூலையில் குவிந்து கிடக்க, நடுவில் தையல் மிஷின். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சுற்றிலும் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவருடைய மேசைமேல் கால் நீட்டியிருப்பவன் நான்.

(வெளிச்சம் சரியில்லை. நான் அவ்வளவு கிழவன் அல்ல.)

“இது எப்ப?” என்றார்.

“நீங்க இல்லாதப்ப” என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை.

“அடிக்கடியா?”

“ஞாயித்துக்கிழமை தவிர.”

“திரும்பி வெளிய கொண்டுபோய் வச்சது யாரு?”

“நானும் அண்ணனும். நீங்க வர்றதுக்குள்ள.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “நீ இப்படிச் சிரிப்பியா?” என்றார்.

படம் மாட்டிவிட்டார்கள். பந்தயப்படி அறை அவருக்கு.

5

முடிவு அ: மாப்பிள்ளை மனம் திருந்தி அறையைக் கொடுத்துவிடுகிறார். இது வானொலி நாடகத்துக்குச் சரி. எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: அறைக்குப் பூட்டுப் போடுகிறார். எழுதிப் பார்த்தேன். சாவியை எங்கே வைப்பார் என்பது தங்கைக்குத் தெரியும். கதை மறுபடி இரண்டாம் பகுதிக்கே போகிறது.

எனவே நடந்ததை நடந்த இடம்வரை சொல்கிறேன். வீட்டுக்கு வந்தோம். மழை தூற ஆரம்பித்தது. தங்கை பால்கனிக்கு ஓடி மிஷினின் ஒரு முனையைப் பிடித்தாள். அது ஒருவரால் தூக்கக்கூடியது அல்ல. எனக்கு முதுகுவலி. மாப்பிள்ளை தன் அறை வாசலில் நின்றார்.

“ஒரு ஓரமா நானும்...” என்று ஆரம்பித்தார்.

யாருக்கு ஓரம், அவருக்கா மிஷினுக்கா, மறுமுனையை யார் பிடித்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம், மிஷின் நனைகிறது.

இன்னும் ஒரே ஒரு தகவல். லென்ஸ் மூடி நேற்றுக் கிடைத்துவிட்டது. ரோபோவின் லென்ஸ் மேலேயே இருந்தது. கேமராவைப் பொருத்திய நாளிலிருந்து யாரும் அதைக் கழற்றவே இல்லை.